அறுபத்தொரு வாசல்

சூசைவிடுதிக் கோயிலில் நிற்கும் சூசையப்பர் சாட்சியாக, இனி வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கேட்கிறவர்களின் மனத் தைரியத்தை உத்தேசித்து அங்கங்கே குறைத்துச் சொல்லியிருக்கலாம். கூட்டிச் சொன்னது எள்ளளவும் கிடையாது. சந்தேகம் இருக்கிறவர்கள் புதுக்கோட்டையில் கீரமங்கலம் பஸ் ஏறி, கண்டக்டரிடம் "பிலாத்து வீடு" என்று சொன்னால் போதும். இறக்கிவிடுவார்.

பிலாத்து என்பது பிச்சைமுத்து. பெரிய வெள்ளியன்று பகலில் சூசைவிடுதிக் கோயில் பொட்டலில் பாஸ்கா போடுவார்கள். ஏசுநாதர் பட்ட பாடுகளை ஊரே சேர்ந்து நடிப்பது. அதில் முப்பத்தொரு வருஷமாக, ஏசுவுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்கிற பிலாத்து வேஷம் பிச்சைமுத்துவுக்குத்தான். மற்ற நாட்களில் ஊர் வழக்குகளைத் தீர்ப்பதும் அவரே. வரப்புத் தகராறாக இருந்தாலும், கோழி காணாமல் போனதாக இருந்தாலும், தீர்ப்புச் சொல்லிவிட்டு நேராக அடிபம்புக்குப் போய்க் கையைக் கழுவிவிடுவார். நாடகத்தில் பழகிய கை.

அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளைக்குக் குறட்டை உண்டா?" என்று விளையாட்டாகக் கேட்டதற்கு, "உண்டு. பக்கத்து வீட்டு மாடு கன்னு போட்டுருச்சு" என்று சொன்னவர். செவந்தி அதற்கப்புறமும் அவரைக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

கஜா புயல் வந்தபோது இந்தப் பக்கம் பட்ட பாட்டைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சூசைவிடுதித் தென்னைகள் வேரோடு பறந்து போய் அடுத்த ஊரில் வரிசை குலையாமல் நட்டுக்கொண்டன. அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அதில் தேங்காய் பறிக்கிறார்கள். கேட்டால் பட்டாவைக் காட்டுகிறார்கள். பலாத் தோப்புகள் முழுக்கப் படுத்துவிட்டன. கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒரே ஒரு பலா மட்டும் அசையாமல் நின்றது. பிச்சைமுத்துவின் அப்பா நட்டுக் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட மரம். அதில் ஒரு பழத்தை இறக்க நாலு பேரும் ஒரு கயிற்றுக் கட்டிலும் வேண்டும். ஈஸ்டர் அன்று அதன் முதல் பழத்தை அறுத்தால், வேதக்காரர், சாமி கும்பிடுகிறவர் என்று பார்க்காமல் அறுபத்தொரு வீட்டுக்கும் சுளை போகும்.

புயலுக்கு மறுவாரம் ஊர் கூடியது. கோயில் நடுவே நின்று பிச்சைமுத்து ஒரு சட்டம் போட்டார். பாஸ்கா சிலுவைக்கு வெட்டுகிற, எடையில்லாத ஒதிய மரம் நீங்கலாக, பச்சை மரத்தில் யாரும் கத்தி வைக்கக் கூடாது. வைத்தவர், வெட்டிய மரத்தில் ஆள் நீளத் துண்டைத் தோளில் ஏற்றி, அடுத்து வருகிற பெரிய வெள்ளிக்குள் ஊரைச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் நின்று "நான் வெட்டினேன்" என்று சொல்ல வேண்டும். சுற்றி முடிக்கும்வரை ஒருவரும் தண்ணீர் தரக்கூடாது. தூக்க மாட்டாதவர் ஊரை விட்டுப் போய்விட வேண்டும். வெட்டிய மரம் திரும்பக் காய்த்தால் திரும்பி வரலாம். அறுபத்தொரு வீடும் கை தூக்கியது. பிச்சைமுத்து போய்க் கையைக் கழுவினார்.

ஐந்தாறு வருஷம் ஒரு கிளை விழவில்லை. அப்புறம் நிலவழகன் வந்தான்.

நிலவழகன் செவந்தியின் ஒரே தம்பி. பதினோரு வருஷம் சிங்கப்பூரில் கப்பல் கட்டுகிற இடத்தில் வேலை. சாரத்திலிருந்து விழுந்து வலது தொடையில் இரும்புக் கம்பி வைத்திருந்தார்கள். அந்தக் காலோடும், மனைவி சுகுணாவோடும், மரம் அறுக்கிற மெஷின் ஒன்றோடும் ஊருக்கு வந்து, ஊரின் கடைசி வாசலான அம்மா வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டி உட்கார்ந்தான். வந்த மூன்று மாதத்தில் அந்த மெஷின் ஊரில் காய்ந்து கிடந்தது அத்தனையையும் அறுத்துத் தீர்த்தது. அறுக்க ஒன்றும் கிடைக்காத ஒருநாள், நன்றாக நின்றுகொண்டிருந்த தன் கட்டிலின் காலை அவன் சமப்படுத்தினான். நாலு காலையும் சமப்படுத்தி முடித்தபோது கட்டில் பாயாக ஆகிவிட்டது.

பெரிய வெள்ளிக்கு ஆறு நாள் முன், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள். சிலுவைக்கு ஒதிய மரம் வெட்ட வேண்டும் என்று பேச்சு வந்ததும், "நான் பாத்துக்கிறேன்" என்று மெஷினோடு கிளம்பினான். அந்த ஊரில் சிலுவைக்கு வெட்ட வேண்டிய மரத்தில் சுண்ணாம்பால் சிலுவைக் குறி போடுவார்கள். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட மரத்திலும் சுண்ணாம்பால் அதே சிலுவைக் குறிதான். முன்னது வெட்டு என்பதற்கு, பின்னது தொடாதே என்பதற்கு. ஊரில் இருக்கிறவர்களுக்கு இதில் குழப்பமே வந்ததில்லை. பதினோரு வருஷம் கடல் கடந்து இருந்தவனுக்கு வந்தது. அதிலும் ஒதியனில் போட்டிருந்த குறியை அய்யாக்கண்ணுவின் ஆடு நக்கித் தின்றுவிட்டிருந்தது. குறியோடு நின்றது ஒரு மரம்தான்.

மரம் விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. வாசம்தான் வந்தது. பச்சைப் பலாவின் பால் வாசம். தெருவில் நடந்தவர்கள் நின்றார்கள். அடுப்படியில் இருந்த பெண்கள் கரண்டியோடு வாசலுக்கு வந்தார்கள். பிச்சைமுத்து ஓடிப்போய்ப் பார்த்தபோது, அடிமரத்திலிருந்து வெள்ளையாகப் பால் வடிந்துகொண்டிருந்தது. ஒட்டிக்கொண்டிருந்த பிஞ்சுகள் நசுங்கிக் கிடந்தன. நிலவழகன் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சுத்தமா ஒரே அறுப்பு மச்சான்" என்றான்.

பிச்சைமுத்து அடிமரத்தின்மேல் கையை வைத்தார். கை ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு அந்தக் கையைக் கழுவ எண்ணெய் தேவைப்பட்டது.

சாயங்காலம் ஊர் கூடியது. நிலவழகன் நடுவில் நின்றான்.

"தெரியாமப் பண்ணிட்டேன் மச்சான். குறி இருந்துச்சு, அறுத்துட்டேன்."

"சட்டத்துல தெரிஞ்சா, தெரியாமலான்னு இல்ல மாப்ள. மரத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"ஆட்ட ஒண்ணுங் கேக்க மாட்டீங்களா?" என்றாள் சுகுணா.

"ஆடு கை தூக்கலம்மா. ஒம் புருசனுக்கும் சேத்து ஒங்க மாமியா தூக்குச்சு."

தூக்கிப் பார் என்றார்கள். நிலவழகன் பலாத் துண்டின் ஒரு முனையைப் பிடித்தான். தொடைக்குள் இருந்த கம்பி கிரீச்சிட்டது எதிர்வரிசை வரைக்கும் கேட்டது. அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். யாரும் சிரிக்கவில்லை.

ஊருக்குப் பூசை வைக்க வருகிற இளம் சாமியார் அப்போதுதான் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார்.

"பெரியவரே, ஆண்டவர் இரக்கமுள்ளவரு. மன்னிச்சு விட்டுருங்களேன்."

"விட்டுரலாம் சாமி. வாயால சொல்றதுக்கு என்ன. அப்ப அந்த மரத்துக்கு யாரு பதில் சொல்றது?"

"மனசு வருந்துறாருல்ல?"

"வருந்துனா மரம் எந்திரிச்சு நிக்குமா? நாளைக்கு இன்னொருத்தன் வெட்டிட்டு வருந்துவான். அதுக்கு மறுநாளு இன்னொருத்தன். கடைசியில ஊருல மரம் இருக்காது, வருத்தம்தான் இருக்கும். சாமி, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. பூசையில கிண்ணத்தத் தூக்கி ஏசுவோட ரத்தம்னு சொல்றீங்களே. சும்மா மன்னிச்சு விட்டுரலாம்னா அந்த ரத்தம் எதுக்கு?"

சாமியார் குருமடத்தில் எட்டு வருஷம் படித்தவர். இதே கேள்விக்கு அறுபது பக்கத்தில் கட்டுரை எழுதி முதல் மார்க் வாங்கியவர். அதில் ஒரு பக்கம்கூட அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. பைக் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பெரிய வெள்ளி வரைக்கும் தவணை" என்றார் பிச்சைமுத்து. "தூக்கணும். இல்லாட்டிப் போகணும்." எழுந்து அடிபம்புக்குப் போனார். பம்பில் தண்ணீர் வரவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை.

மறுநாள் விடிகிற நேரத்துக்கு முல்லைக் கொல்லையில் பூ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அரும்பு விரிவதற்குள் எடுத்து, ஈரத் துணியில் சுற்றி, கீரமங்கலம் மார்க்கெட்டுக்குப் போகிற வண்டியில் ஏற்ற வேண்டும். பிச்சைமுத்து ஒரு வரிசையில் குனிந்து நின்றார். செவந்தி அடுத்த வரிசையில். அவள் விரல்கள் தானாக ஓடின. வாய் அதைவிட வேகமாக ஓடியது.

"ஏங்க."

"ம்."

"ஒங்க சட்டத்துல பொண்டாட்டிய வெளியேத்தச் சொல்லி எங்கிட்டாச்சும் இருக்கா?"

"இல்ல."

"அப்ப நானாப் போயிக்கிறேன். துணிய மூட்ட கட்டி வச்சுட்டேன். அவன் எங்கிட்டுப் போறானோ அங்கிட்டு நானும் போறேன். ஒங்களுக்குச் சோறு பொங்க அந்தச் சட்டத்தயே கூப்புட்டுக்கங்க."

பிச்சைமுத்து நாலு அரும்பு பறித்தார்.

"ஒந்தம்பிங்கிறதுக்காக விட்டா, நாளைக்கு ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு என்ன சொல்லுமோ. எங்காத்தா சாகும்போது, லீவுல வந்திருந்த அவன் கைய எங்கையில புடிச்சுக் குடுத்துச்சு. அதயும் சட்டம்னுதான் நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

"சரி, நீயே சொல்லு செவந்தி. ஒங்கிட்டயே விடுறேன். சட்டத்த ஒடைக்கவா, ஒந்தம்பிய ஒடைக்கவா?"

வரிசை முடியும்வரை பூ எடுத்தாள். முடிந்ததும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒடையாம ஒரு வழி இருந்தா, அதுல யாருக்கோ இடுப்பு ஒடையும். அது யாருங்கிறதத்தான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

செவந்தி நாலாங் கிளாஸ் வரை படித்தவள். அறுபது பக்கம் எழுதியவள் இல்லை.

அந்த வாரம் முழுக்கப் பாஸ்காவுக்கு ஒத்திகை மட்டும் விடாமல் நடந்தது. சிலுவை செய்ய ஒதியனிடம் கத்தியோடு போக ஒருவருக்கும் துணிவு வரவில்லை. ஆசாரி, வெட்டுப்பட்டுக் கிடந்த பலாவிலிருந்தே ஒரு சிலுவையை இழைத்துவிட்டார். சட்டம் சொன்ன ஆள் நீளத் துண்டும் அதுவே ஆயிற்று. கீரமங்கலம் எடை மேடைக்குக் கொண்டுபோனார்கள். நூற்று நாற்பத்தேழு கிலோ என்று காட்டிவிட்டு மேடை ரிப்பேர் ஆனது.

பாஸ்காவில் பரபாஸ் வேஷம் அய்யாக்கண்ணுவுக்கு. மாரியம்மனைக் கும்பிடுகிற சம்சாரி. பிச்சைமுத்துவுக்கு அடுத்த கொல்லைக்காரர். ஏசுவுக்குப் பதிலாக விடுதலையாகிற கொலைகாரனாகப் பத்தொன்பது வருஷமாக நடிக்கிறார். ஒத்திகை முடிந்து இரண்டு பேரும் அந்தச் சிலுவைமேல் உட்கார்ந்து நோன்புக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏப்பா பிச்ச, எனக்கு ரொம்ப நாளா ஒரு கொற."

"சொல்லு."

"பத்தொம்பது வருசமா விடுதலையாவுறேன். சங்கிலிய அவுத்து விட்டதும் அங்கிட்டுப் போயி ஒரு சோடா குடிக்கிறேன். அவரு இங்கிட்டு அடி வாங்குறாரு. எனக்குன்னு ஒரு வசனம் எழுதிக் குடுக்கலையே. நன்றின்னாச்சும் ஒரு வார்த்தை?"

"பைபிள்ல இல்லப்பா."

"இல்லாட்டிப் போவுது. இன்னொண்ணு. தப்புச் செஞ்சவன் நானு. அடி வாங்குறது அவரு. எங்க அய்யனாரு கிட்ட இது நடக்காது. செஞ்சவனத்தான் குதிரையில ஏறி வந்து புடிப்பாரு. சம்பந்தமில்லாத ஆளப் புடிச்சு அடிச்சா அது என்ன நியாயம்?"

"சம்பந்தமில்லாத ஆளா இருந்தா அநியாயந்தான்" என்றார் பிச்சைமுத்து.

அதற்கப்புறம் கஞ்சியைக் குடிக்காமல் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். ஆறிப்போய் ஆடை படிந்தது. அய்யாக்கண்ணு அதையும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

பெரிய வெள்ளி விடிந்தது. அன்றைய வெயிலைப் பற்றி அடக்கமாகச் சொல்வதானால், ஊரணியில் கெண்டைகள் வெந்து மிதந்தன. பெரிய வெள்ளியன்று கறிக்குத்தான் தடை, மீனுக்கு இல்லை என்பதால் யாரும் புகார் சொல்லவில்லை. மைக் செட்டின் குழாய் உருகி வாய் கோணிப்போய் ஒரு பக்கமாகப் பேசியது. ஆனாலும் பொட்டலில் நிற்க இடமில்லை. நிலவழகன் தூக்குவானா, போவானா என்று பார்க்கக் கொத்தமங்கலத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். சுகுணா பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வாசலில் வைத்திருந்தாள். அதற்குப் பக்கத்தில் செவந்தியின் துணி மூட்டை.

பிச்சைமுத்து பிலாத்துவாக நாற்காலியில் உட்கார்ந்தார். செவந்தியின் அரக்குக் கல்யாணப் பட்டுத்தான் வருஷா வருஷம் பிலாத்துவின் அங்கி. முன்னால் முக்காலியில் பித்தளைத் தாம்பாளம், பக்கத்தில் கை கழுவச் செம்பில் தண்ணீர். ஏசு வேஷத்தில் மினி வேன் ஓட்டுகிற ராமு கை கட்டி நின்றான்.

"யாரை உங்களுக்காக விடுதலை செய்ய வேண்டும்?" என்று பிச்சைமுத்து எழுதிவைத்த வசனத்தைக் கேட்டார்.

மாட்டுச் சங்கிலி சலசலக்கப் பரபாஸ் வந்தான். சங்கிலியைப் பார்த்ததும் பத்தொன்பது வருஷப் பழக்கத்தில் மொத்த ஊரும் தொண்டை கிழியக் கத்தியது. "பரபாசை விட்டுவிடும்."

கத்தி முடித்த பிறகுதான் ஆளைப் பார்த்தார்கள். கழுத்தில் சங்கிலியோடு நின்றவன் நிலவழகன். பின்னாலிருந்து அய்யாக்கண்ணு எட்டிப் பார்த்தார்.

"எனக்கு இடுப்புப் புடிச்சிருச்சு. இந்த வருசம் தம்பி விடுதலையாகட்டும்னு விட்டேன்."

எல்லாரும் பிலாத்துவைப் பார்த்தார்கள்.

"யோசிச்சுத்தான் சொன்னீங்களா?" என்று பிச்சைமுத்து கேட்டார். இது வசனத்தில் இல்லை.

கூட்டத்தின் ஓரத்திலிருந்து இருளாயி மட்டும், "சொன்னது சொன்னதுதான்யா. வாயி என்ன வாடகைக்கா வாங்கிட்டு வந்தோம்" என்றாள். தொண்ணூறு வயதுக்காரி.

"சரி. ஊரு விட்டுருச்சு. ஆனா சட்டம் நிக்குது. மரம் கெடக்கு. ராமு, தூக்கு."

ராமு குனிந்து சிலுவையைப் பிடித்தான். முக்கினான். ஒட்டுத் தாடி கீழே விழுந்ததே தவிர சிலுவை அசையவில்லை. "பெரியப்பா, இது ஒதியன் இல்ல. என்னால ஆகாது" என்று மூச்சு வாங்கினான்.

பிச்சைமுத்து எழுந்தார். கை கழுவும் இடம் வந்துவிட்டது என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் செம்பை எடுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். நிலவழகனின் கழுத்துச் சங்கிலியை அவிழ்த்துக் கீழே போட்டார். செம்பை அவன் கையில் கொடுத்தார்.

"குடி. இனிமே தண்ணி கெடையாதுங்கிறது எனக்கு."

"மச்சான்?"

"குடிடா."

அப்புறம் பட்டு அங்கியைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் மடித்து, செவந்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

கூட்டத்தில் சத்தம் கிளம்பியது. அய்யாக்கண்ணுதான் முன்னால் வந்தார்.

"நில்லுப்பா. செஞ்சவன் ஒருத்தன், சொமக்கிறவன் ஒருத்தனா? அன்னைக்கே கேட்டேன்ல?"

"கேட்ட. இப்பப் பதில் சொல்றேன். சட்டம் போட்டது யாரு?"

"நீதான்."

"மரம் வச்சது?"

"ஒங்கப்பாரு."

"பழி கேக்குற ஆளு?"

"நீதான்."

"பழி கேக்குறவன் வேற ஒருத்தன் தோளுல ஏத்துனா அது அநியாயம். எந்தோளுல நானே ஏத்திக்கிட்டா எவனுக்குய்யா அநியாயம்? சட்டம் முழுசா நடக்கும். ஒரு வாசல் கொறையாது. மாப்ளயும் இங்கிட்டே இருப்பான். இதுல யாருக்காச்சும் ஆட்சேபன இருந்தா, கூட வந்து ஒரு முனையப் புடிச்சுக்கிட்டே சொல்லட்டும்."

ஆட்சேபணை ஒருவருக்கும் இல்லை. சாமியார் மட்டும் எதையோ எழுதப் பையில் பேனாவைத் தேடினார்.

அறுபத்திரண்டு வயது பிச்சைமுத்து குனிந்து நூற்று நாற்பத்தேழு கிலோவைத் தோளில் ஏற்றினார். எப்படி என்று கேட்கக் கூடாது. ஏற்றினார். பலாவின் பால் இன்னும் காயவில்லை. மரம் தோளோடு ஒட்டிக்கொண்டது. கழன்று விழாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று பிற்பாடு ஆசாரி சொன்னார்.

முதல் வாசலில் நின்றார். "நான் வெட்டினேன்."

பொய்யே சொல்லாத வாயிலிருந்து அது வந்ததைக் கேட்டு அந்த வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தியது. இரண்டாம் வாசல். மூன்றாம் வாசல். "நான் வெட்டினேன்." மூன்று இடத்தில் விழுந்தார். நாடகத்தில் எழுதியிருந்த இடங்களில் இல்லை, கல் கிடந்த இடங்களில். முட்டி பெயர்ந்தது. நிலவழகன் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தான்.

"மச்சான், வாலப் புடிச்சுக்கிறேன்."

"தொட்டீன்னா மொதல் வாசல்லருந்து திரும்பச் சுத்தணும். பேசாம வா."

"என்னாலதான மச்சான் இம்புட்டும்."

"ஒன்னாலதான். அதான் நான் தூக்குறேன். பேசாம வாடா."

நாற்பதாவது வாசலில் இருளாயி வழியை மறித்து நின்றாள்.

"நான் வெட்டினேன் ஆத்தா."

"பொய் சொல்லாதய்யா. ஒன்னயச் சின்னப் பிள்ளையிலருந்து எனக்குத் தெரியும்."

"நான்தான் வெட்டினேன்."

இருளாயி அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். வேர்வை புருவத்திலிருந்து அவள் கையில் சொட்டியது. முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். தண்ணீர்தான் தரக்கூடாது, துடைக்கக் கூடாது என்று சட்டத்தில் இல்லை.

"நீதான்னா நீதான். போ" என்று வழிவிட்டாள்.

ஐம்பதாவது வாசலுக்கு மேல் ஊர் பின்னால் வரவில்லை, கூடவே வந்தது. ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டியிருந்தார்கள். வெயிலுக்குச் செருப்பைக் கழற்றக் கூடாத தரையில் எல்லாரும் வெறுங்காலோடு நடந்தார்கள். பிச்சைமுத்துவுக்குக் குரல் போய்விட்டது. உதடு மட்டும் அசைந்தது. உதட்டைப் பார்த்தே ஒவ்வொரு வாசலும் தலையாட்டியது.

அறுபத்தோராவது வாசல் நிலவழகனுடையது. கட்டிவைத்த சாக்குக்குப் பக்கத்தில் சுகுணா நின்றாள். மணி மூன்று. பிச்சைமுத்து நின்றார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. சொல்லாவிட்டால் கணக்கில் ஒரு வாசல் குறையும்.

நிலவழகன் முன்னால் வந்து வாய் திறக்கப் போனான். பிச்சைமுத்து ஒரு விரலைத் தூக்கி அவனை நிறுத்தினார். கண்ணை மூடினார். முப்பத்தொரு வருஷம் பிலாத்து நாற்காலியில் சேர்த்துவைத்த குரல் எல்லாம் அடிவயிற்றிலிருந்து ஒரே தடவையாகக் கிளம்பியது.

"நான் வெட்டினேன்."

கோட்டைப்பட்டினம் கடற்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து, "யாருய்யா, எத வெட்டுனது?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். வல்லத்திராக்கோட்டையில் இரண்டு பேர் பயந்துபோய், தாங்கள் பல வருஷத்துக்கு முன் வெட்டிய வேப்ப மரத்தை ஒப்புக்கொண்டார்கள்.

"அம்புட்டுத்தான். முடிஞ்சிருச்சு" என்று சொல்லிப் பிச்சைமுத்து சரிந்து உட்கார்ந்தார். மரத்தைத் தோளிலிருந்து பிரிக்க எண்ணெய் கொண்டுவந்தார்கள்.

செவந்தி ஒரு குடம் நீர்மோரோடு வந்தாள். "குடிங்க" என்றாள். அவர் பாதிக் குடம் குடித்த பிறகு, "மூட்டய அவுத்துட்டேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "குறட்ட விட்டாலும் பரவாயில்ல, இன்னைக்கு நல்லாத் தூங்குங்க" என்றாள்.

நிலவழகன் அவர் காலடியில் உட்கார்ந்து அழுதான். அவர் அவன் தலையில் கை வைத்தார். கையைக் கழுவ அடிபம்புக்குப் போகவில்லை. அன்றைக்கு என்ன, அதற்கப்புறம் எந்தத் தீர்ப்புக்கும் போகவில்லை.

சாயங்காலம் சிலுவையை வெட்டுப்பட்ட அடிமரத்துக்குப் பக்கத்திலேயே குழி தோண்டி நட்டார்கள். சனிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை.

ஈஸ்டர் விடியலில் பூ எடுக்கப் போன செவந்திதான் முதலில் பார்த்தாள். சிலுவையின் அடியில், ஏசுநாதரின் பாதம் இருக்கிற உயரத்தில், பெருவிரல் அளவு ஒரு பலாப்பிஞ்சு. பலா அடிமரத்தில் காய்ப்பதுதானே, இதில் என்ன இருக்கிறது என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பூசை ஆரம்பிக்கும்போது அது தேங்காய் அளவு. வானவர் கீதம் பாடி முடிக்கும்போது குடத்து அளவு. சாமியார் அன்றைக்குப் பிரசங்கத்தில் தன் அறுபது பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டதாக அறிவித்து, அதற்கான காரணத்தை ஒன்றரை மணி நேரம் விளக்கினார். அது நல்லதாகப் போயிற்று. பழம் முழுசாகப் பழுக்க அவகாசம் கிடைத்தது.

இறக்குவதற்கு நாலு பேர் போதவில்லை. ஜேசிபி வந்தது. அறுத்தபோது வந்த வாசத்துக்கு அடுத்த ஊர்த் தென்னைகள் இங்கிட்டுத் திரும்பிச் சாய்ந்தன. அறுபத்தொரு வீட்டுக்கும் சுளை போனது. மேளக்காரர்கள், மைக் செட்டுக்காரர், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தின்று, மிச்சம் பன்னிரண்டு கூடை. வாணவேடிக்கைக்காரர் வெடியைப் பகலிலேயே கொளுத்திவிட்டார். இருளாயி ஆடினாள்.

பிச்சைமுத்து கோயில் நடுவே நின்று சட்டத்தின் கடைசி வரியைப் படித்தார். வெட்டிய மரம் திரும்பக் காய்த்தால் வெளியேறியவர் திரும்பி வரலாம்.

"காச்சுருச்சு. ஆக இந்த வழியிலயும் மாப்ள மேல வழக்கு இல்ல. ரெண்டு பக்கமும் தீந்துருச்சு. இனிமே இவன யாரும் மரம் வெட்டினவன்னு சொல்லக் கூடாது. வெட்டினது நானு. அறுபத்தொரு வாசலும் சாட்சி."

நிலவழகன் பலாக்கொட்டைகளைச் சாக்கில் பொறுக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, வாசல் வாசலாகப் போய் ஒவ்வொன்றாக ஊன்றினான். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். யாரும் செய்யச் சொல்லவில்லை. சட்டத்திலும் இல்லை. அய்யாக்கண்ணு சோடா பாட்டிலோடு அவன் பின்னால் போனார்.

"ஏண்டா தம்பி, விடுதலையானா அங்கிட்டுப் போயி சோடா குடிக்கணும். பத்தொம்பது வருசமா அதான் வழக்கம். நீ கொட்ட ஊனுனா, அடுத்த வருசம் நானும்ல ஊனணும்?"

"ஊனுங்க மாமா. குழி நான் தோண்டித் தாரேன்."

அய்யாக்கண்ணு பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, சாக்கில் கைவிட்டு ஒரு கொட்டையை எடுத்தார்.

கடைசியாக ஒன்று, இதற்கும் சூசையப்பரே சாட்சி: கஜா புயலில் சூசைவிடுதியின் பலா மரங்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை, கோயிலுக்குப் பின்னால் நின்றதும் சேர்த்துத்தான்.